ஏழு கிலோ தசைக்கு யார் பணம் கொடுத்தார்கள்?

ஆண்டுதோறும் பிப்ரவரி பிறந்ததும் அமெரிக்கப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரே மாதிரியான செய்தி ஒன்று வரும். ஆளும் ஊரும்தான் மாறும். அக்டோபரில் ஒல்லிப் பையனாக வீட்டுக்குப் போன இருபது வயது பேஸ்பால் ஆட்டக்காரன், குளிர்காலம் முழுக்க உடற்பயிற்சிக் கூடத்திலேயே கிடந்து, ஏழு கிலோ தசை ஏற்றிக்கொண்டு பயிற்சி முகாமுக்கு வந்திருக்கிறானாம். பயிற்சியாளர்கள் வியக்கிறார்களாம். இந்த ஆண்டு இவனைக் கவனியுங்கள் என்று முடியும். கூடவே கையில்லாத பனியனோடு ஒரு படம்.

படித்துவிட்டு, "அடடா, என்ன உழைப்பு, என்ன கட்டுப்பாடு!" என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு ஒரு கேள்விதான் இருக்கிறது. அந்த ஏழு கிலோவுக்கு யார் பணம் கொடுத்தார்கள்?

இந்த வயதில் உனக்கு பேஸ்பால் எதற்கு என்று நண்பர்கள் கேட்பார்கள். மகள் வீட்டில், நியூஜெர்சியில், சில மாதங்கள் இருந்தபோது மருமகனின் புண்ணியத்தில் பழகிய ஆட்டம் அது. ஆட்டத்தின் நுணுக்கம் எனக்கு அரைகுறைதான். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சம்பளப் பட்டியல் எழுதியவன் நான். ஒப்பந்தத்தையும் ஊதியத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் ஓய்வு பெற்றாலும் போவதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே மேஜர் லீக் என்கிற உச்சியில் 30 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் கீழே ஏணிப்படி போல மைனர் லீக் அணிகள். பள்ளியிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் எடுக்கப்படும் பையன்கள் அடிப்படியில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். பெரும்பாலானோர் உச்சியைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஏப்ரலில் தொடங்கும் ஆட்டம் செப்டம்பரோடு முடியும். பிறகு பிப்ரவரி வரை ஆட்டம் கிடையாது. தசை ஏறுவது இந்த மாதங்களில்தான்.

இப்போது ஒப்பந்தத்தைப் பார்ப்போம். மைனர் லீக் ஆட்டக்காரனுக்கு 2022 வரை இருந்த பொது ஒப்பந்தப் படிவத்தில் இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று, ஆட்டக்காரனின் கடமைகள், ஆட்டமில்லாத மாதங்கள் உட்பட, ஆண்டு முழுவதும் தொடரும். உடம்பைத் தகுதியாக வைத்துக்கொள்வது அவன் பொறுப்பு. இன்னொன்று, ஊதியம் ஆட்டப் பருவத்துக்கு மட்டுமே. கடமை பன்னிரண்டு மாதம், கூலி ஏறக்குறைய ஐந்தரை மாதம்! முகாமில் பயிற்சி பெறும் வாரங்களுக்குக்கூட முறையான சம்பளம் கிடையாது. விடுமுறை நாளில் ஓர் ஊழியரை வேலைக்கு அழைத்தால் ஈடுசெய் விடுப்பாவது கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் தெரிந்த பாடம். கோடிகளில் புரளும் இந்தத் தொழிலுக்கு அது தெரியாமல் போய்விட்டது.

தொகையையும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் சிங்கிள்-ஏ என்கிற படியில் விளையாடியவனுக்கு ஆண்டு வருமானம் சுமார் 11,000 டாலர். அதே ஆண்டு அமெரிக்க அரசு தனி ஆளுக்கு வகுத்த வறுமைக் கோடு 13,590 டாலர். அதே ஆண்டு மேஜர் லீக்கில் குறைந்தபட்சச் சம்பளம் 7,00,000 டாலர். நன்றாகக் கவனியுங்கள்: வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கிற பையனிடம்தான், தினம் ஐந்து வேளை புரதம் சாப்பிடு, நல்ல பயிற்சிக் கூடத்தில் சேர், எட்டு மணி நேரம் தூங்கு என்கிறார்கள். அவனோ பகலில் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டோ, சிறுவர்களுக்குப் பந்தடிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டோ, மாலையில் எடை தூக்கப் போகிறான்.

பிரெஞ்சில் வியாபாரம் படுத்துக் கிடக்கும் மாதங்களை 'மோர்த் செஸோன்' என்பார்கள். செத்த பருவம் என்று பொருள். முதலாளிக்கு அது செத்த பருவம். கல்லாவைத் திறக்க வேண்டியதில்லை. பையனுக்கோ ஆண்டிலேயே கடுமையான வேலை அப்போதுதான்.

இதைக் கேட்க ஆளில்லாமல் இல்லை. 2014-ல் முன்னாள் மைனர் லீக் ஆட்டக்காரர் ஆரன் சென்னும் தோழர்களும் வழக்குப் போட்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2018-ல், 2,000 பக்கங்களைத் தாண்டிய ஒரு நிதி மசோதாவுக்குள், மைனர் லீக் ஆட்டக்காரர்களைக் கூடுதல் நேர ஊதியச் சட்டத்திலிருந்து விலக்கி வைக்கும் பகுதி ஒன்றை நுழைத்துவிட்டார்கள். அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காக்கும் சட்டம்'. கோப்புகளோடு வாழ்ந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. தடித்த கோப்பின் நடுவே ஒரு தாளைச் செருகினால் யார் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

இருந்தும் பையன்கள் விடவில்லை. 2022-ல் 18.5 கோடி டாலருக்கு வழக்கு சமரசமானது. அதே ஆண்டு மைனர் லீக்காரர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-ல் முதல் ஒப்பந்தம் வந்தது. சிங்கிள்-ஏ சம்பளம் 26,200 டாலர் ஆனது. டிரிபிள்-ஏ என்கிற மேல்படியில் 35,800. ஆட்டமில்லாத மாதங்களில் பெரும்பகுதிக்கும் ஏதோ ஒரு தொகை வருகிறது. நல்லதுதான். ஆனால் குளிர்காலத்துக்குக் கிடைப்பது கைச்செலவுக்கான தொகை. கேட்கப்படுவதோ முழுநேர வேலை. நூறு ஆண்டுக்கு மேல் ஓடிய அநியாயத்துக்குப் பாதித் தீர்வு வந்திருக்கிறது, அவ்வளவே.

பணத்தை விடுங்கள், உடம்புக்கு வருவோம். தசைக்கு இரத்த ஓட்டம் அதிகம். உழைத்தால் சில மாதங்களில் பருக்கும். தசையை எலும்போடு கட்டும் நாருக்கும், எலும்பை எலும்போடு கட்டும் நாருக்கும் இரத்த ஓட்டம் குறைவு. அவை மெதுவாகத்தான் வலுப்படும். பெரிய எஞ்சினை எடுத்துப் பழைய சட்டத்தில் பூட்டினால் எது முதலில் விரியும் என்று எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார்.

1974-ல் டாமி ஜான் என்கிற பிட்சருக்கு முழங்கையில் நார் அறுந்துபோனது. டாக்டர் பிராங்க் ஜோப், அவருடைய இன்னொரு கையிலிருந்து தசைநார் எடுத்து அங்கே பொருத்தினார். அதற்குப் பிறகு டாமி ஜான் 164 ஆட்டங்களில் வென்றார். அன்று அது அதிசயம். இன்றோ பள்ளிக்கூடப் பையன்களுக்கும் செய்கிற அறுவையாகிவிட்டது. காரணம் என்ன? மேஜர் லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். வேகப்பந்தின் சராசரி வேகம் 2008-ல் மணிக்கு 91.3 மைல், 2024-ல் 94.2 மைல். வேகத்தைத் துரத்துவதும், ஓய்வெடுக்க வேண்டிய மாதங்களிலும் முழு விசையோடு எறிந்து பழகுவதும் காயங்களுக்குக் காரணம் என்று அந்த அறிக்கை சொல்கிறது. பிட்சர்களின் காயம் பயிற்சி முகாமின் தொடக்கத்திலேயே குவிகிறதாம். அதாவது குளிர்காலத்தில் செய்த சாதனையின் விலை, ஆட்டம் தொடங்கும் முன்பே வந்து கதவைத் தட்டுகிறது.

மூன்றாவது சங்கதி மருந்து. எல்லாப் பையனும் மருந்து சாப்பிடுகிறான் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பாவம். ஆனால் எடை ஏறியவனுக்குக் கைதட்டலும் ஏறாதவனுக்கு வீட்டுக்குப் போகும் டிக்கெட்டும் என்றால், குறுக்கு வழிக்கு விளக்கு ஏற்றி வைத்தது யார்? 1994-ல் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடர் ரத்தாகி, மக்கள் ஆட்டத்தை வெறுத்துப் போயிருந்தார்கள். 1998-ல் மார்க் மெக்வயர் 70 ஹோம் ரன், சாமி சோசா 66 ஹோம் ரன் அடித்தார்கள். மைதானங்கள் நிரம்பின. வீங்கிய தோள்களைப் பார்த்து அன்று எந்த முதலாளியும் கேள்வி கேட்கவில்லை. 2007 டிசம்பரில் வந்த மிட்செல் அறிக்கை 89 ஆட்டக்காரர்களின் பெயரைச் சொன்னது. மெக்வயர் 2010-ல் ஊக்கமருந்தை ஒப்புக்கொண்டார். அவருக்கும் பாரி பாண்ட்ஸுக்கும் புகழ்க்கூடத்தின் கதவு திறக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் ஆட்டத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த பட் செலிக் 2017-ல் அதே புகழ்க்கூடத்தில் இடம் பெற்றார். தவறு செய்தவன் தண்டனை பெற வேண்டும், சரி. தவறால் கல்லா நிரம்பியவர்களுக்கு மாலையா?

டொமினிக்கன் குடியரசில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பதினாறு வயதில் கையெழுத்து வாங்கலாம். அதற்குப் பல ஆண்டு முன்பே உள்ளூர்ப் பயிற்சியாளர்கள் சிறுவர்களைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார்கள். கையெழுத்துப் பணத்தில் அவர்களுக்குப் பங்கு. பதினைந்து வயதுக் குழந்தையின் கையில் யார் ஊசியைக் கொடுத்தாலும், சோதனையில் மாட்டுவதும் தடைப்பட்டியலில் பெயர் வருவதும் அந்தக் குழந்தைக்குத்தான்.

"யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, அவனாக விரும்பித்தானே செய்கிறான்?" என்பார்கள். பக்கத்துப் படுக்கைப் பையன் ஏழு கிலோ ஏற்றிக்கொண்டு வரும்போது, நான் ஏற்றமாட்டேன் என்று சொல்லும் உரிமை இவனுக்கு உண்டா? மேலிடம் எழுதாத உத்தரவுதான் எல்லா உத்தரவிலும் கடுமையானது என்பது அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். மாலை ஐந்தரைக்குப் பிறகும் எங்களை நாற்காலியில் உட்கார வைத்தது எந்த அரசாணை?

"பலம் இல்லாமல் எப்படி ஆடுவது?" என்றும் கேட்பார்கள். பலம் வேண்டும், உடற்பயிற்சிக்கு நான் எதிரியல்ல. ஆனால் எடை மட்டுமே பலம் ஆகிவிடாது. 755 ஹோம் ரன் அடித்த ஹாங்க் ஆரன் மலைபோன்ற ஆள் இல்லை. கிட்டத்தட்ட 82 கிலோ. 2018-ல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற மூக்கி பெட்ஸ் ஐந்தடி ஒன்பது அங்குலம். பெட்ரோ மார்ட்டினஸ் ஒல்லி உடம்பு, நீண்ட நாள் தாங்கமாட்டார் என்ற சந்தேகத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் 1993-ல் அவரை வேறு அணிக்குக் கைமாற்றிவிட்டது. அவர் அதற்குப் பிறகு மூன்று முறை சை யங் விருது வாங்கினார். மணிக்கட்டும் கண்ணும் நிதானமும் தராசில் ஏறாது. ஏறாததை அளக்கத் தெரியாதவர்கள்தான் கிலோவை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

என் கோரிக்கை பெரிதல்ல. குளிர்கால உழைப்பை வேலை என்று ஒப்புக்கொண்டு அதற்கு முழு ஊதியம் கொடுங்கள். எவ்வளவு எடை ஏற்றலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அணியிடம் சம்பளம் வாங்காத மருத்துவர் சொல்லட்டும். அந்த உழைப்பில் நார் அறுந்தால், இடம் பறிபோகாது என்று எழுதிக் கொடுங்கள். இவை மூன்றும் நடக்கும்வரை பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஏழு கிலோ என்று எழுதும்போது, அந்தப் பையனுக்கு அந்த ஐந்து மாதங்களில் எத்தனை டாலர் கிடைத்தது என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். படிக்கிறவர்கள் யாரைப் பாராட்டுவது, யாரைக் கேள்வி கேட்பது என்று தாங்களே முடிவு செய்துகொள்வார்கள்.