ஆடுவதும் உழைப்பே: வீரர்களுக்குச் சங்கம் வேண்டும்

அமெரிக்காவின் கிளீவ்லாந்து மைதானத்தில் 1981 ஜூலை 14 அன்று பேஸ்பால் நட்சத்திர வீரர்களின் ஆண்டுப் போட்டி நடந்திருக்க வேண்டும். ஜூன் 12 முதல் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் நடக்கவில்லை. அதற்குப் பதிலாக, 'ஸ்ட்ராட்-ஓ-மேடிக்' என்ற மேசை விளையாட்டைக் கொண்டு வந்து, பகடை உருட்டி அதே போட்டியை அந்த மைதானத்திலேயே ஆடிக் காட்டினார்கள். வீரர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அவர் உண்மையில் ஆடிய ஆட்டங்களின் கணக்கு அதில் இருக்கும். பகடையில் விழும் எண்ணை அட்டையோடு ஒப்பிட்டு ஓட்டமா, அவுட்டா என்று முடிவு செய்வார்கள். 1961 முதல் அமெரிக்க வீடுகளில் புழங்கிவரும் விளையாட்டு அது. நம் மாணவர்களின் புக் கிரிக்கெட்டுக்கு மூத்த அண்ணன் எனலாம். அன்று அதைப் பார்க்க வந்தவர்கள் சொற்பம். வேலைநிறுத்தம் முடிந்து, ஆகஸ்ட் 9 அன்று அதே மைதானத்தில் உண்மையான போட்டி நடந்தபோது திரண்டவர்கள் 72,086 பேர்.

அந்த இரண்டு நாள்களுக்கும் விதிகள் ஒன்றுதான், மைதானமும் ஒன்றுதான். ஆடியவர்களின் உடலும் பயிற்சியும் மட்டுமே வேறுபாடு. மக்கள் எதற்காகக் காசு கொடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. விளையாட்டு எல்லோருக்கும் பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் வீட்டில் ஆடலாம். ஆனால், அதைக் காட்சியாக்கி விற்கும்போது அங்கே ஆடுவது உழைப்பு. உழைப்பவர்கள் தங்கள் சம்பளத்தையும் பணி நிபந்தனைகளையும் கூடிப் பேசி முடிவு செய்ய அமைப்பு வேண்டும். உலகின் பணக்காரக் கிரிக்கெட் வாரியத்தைக் கொண்ட இந்தியாவில், இப்போது ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களுக்கு அப்படி ஒரு சங்கம் இல்லை. அது அமைய வேண்டும். வாரியம் அதை அங்கீகரித்துப் பேச்சு நடத்த வேண்டும்.

விளையாட்டு வீரர்கள் ஊதியம் பற்றிப் பேசும்போதெல்லாம் எழும் முதல் மறுப்பு, 'விளையாடுவதற்குப் போய்ச் சங்கமா?' என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை கேரம் பலகையைச் சுற்றி உட்கார்ந்து நாமும் ஆடுகிறோமே, அது போலத்தானே என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. கேரம் ஆடுகிறவர் அலுத்தால் எழுந்து போகலாம். தோற்றால் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். தொழில்முறை வீரருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. எந்த அணிக்கு, எந்த ஊரில், எத்தனை நாள் ஆட வேண்டும் என்பதை இன்னொருவர் தீர்மானிக்கிறார். ஒரு தசைநார் கிழிந்தால் தொழிலே முடிந்துபோகலாம். முப்பத்தைந்து வயதுக்குள் சம்பாதிப்பதுதான் பெரும்பாலோருக்கு மொத்த வருமானம். பொழுதுபோக்குக்கும் வேலைக்கும் உள்ள எல்லைக்கோடு இதுதான்.

அந்தக் கோட்டைக் காணாமல் நடந்துகொண்ட காலம் எப்படி இருந்தது என்பதற்கு வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் கால்பந்து அரங்குகள் நிரம்பி வழிந்த காலத்திலும் ஒரு வீரரின் வாரச் சம்பளம் 20 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று விதி இருந்தது. ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் சங்கம் வேலைநிறுத்தத்துக்குத் தயாரான பிறகே, 1961 ஜனவரியில் அந்த உச்சவரம்பு நீங்கியது. அமெரிக்க பேஸ்பாலில் அக்காலத்தில் ஓர் அணி ஒருவரை ஒப்பந்தம் செய்துவிட்டால் அவர் தாமாக வேறு அணிக்குப் போக முடியாது. அணி மட்டும் அவரை விருப்பம்போல் மாற்றிவிடலாம். 1969-இல் தம்மைக் கேட்காமலே பிலடெல்பியாவுக்கு மாற்றியதை எதிர்த்து வழக்காடிய கர்ட் ஃப்ளட், 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். தனியொருவராக அவர் பெற முடியாத உரிமையை, சங்கம் ஒப்பந்தத்தில் சேர்த்திருந்த, தகராறு தீர்க்கும் நடுவர் முறையின் வழியாக 1975-இல் வீரர்கள் பெற்றார்கள். எஃகுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்த மார்வின் மில்லர் 1966-இல் வீரர்கள் சங்கத்தின் பொறுப்பை ஏற்றபோது குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 6,000 டாலர். இரண்டே ஆண்டுகளில், முதல் கூட்டு ஒப்பந்தத்தின் மூலம், அது 10,000 ஆனது.

வீட்டு மேசையில் ஆடும் ஆட்டத்திலும் வீரரின் உழைப்பு கலந்திருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டியதும் சங்கம்தான். வீரர்களின் பெயரையும் கணக்கையும் அச்சிட்டு மேசை பேஸ்பால் விற்ற ஒரு நிறுவனத்தின் மீது மினசோட்டாவில் வழக்குத் தொடரப்பட்டது. அனுமதியின்றி அவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1970-இல் தீர்ப்பு வந்தது. வீரர்களின் படம் போட்ட அட்டைகளை விற்ற டாப்ஸ் நிறுவனம் ஒருவருக்கு ஆண்டுக்கு 125 டாலர் கொடுத்துவந்தது. சங்கம் பேசிய பிறகு அது இரட்டிப்பாகி, விற்பனையில் பங்கும் கிடைத்தது. சட்டம் இதில் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கணக்குகள் பொதுத் தகவல், அவற்றை வைத்துக் கற்பனை அணி விளையாட்டு நடத்தலாம் என்று 2007-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் ஏறக்குறைய அதே நிலையை எடுத்தது. நீதிமன்றம் கைவிடும் இடத்தில் பேசுவதற்கு அமைப்பு இருக்கிறதா என்பதே கேள்வி. அமெரிக்க வீரர்களுக்கு இருக்கிறது. நம் வீரர்களுக்கு இல்லை.

இந்தியாவின் நிலையைப் பார்ப்போம். 2002-இல் முன்னாள் கேப்டன் பட்டோடியைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய வீரர்கள் சங்கத்தை வாரியம் அங்கீகரிக்கவில்லை. அது நிலைக்கவும் இல்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழுவின் சீர்திருத்தங்களால் 2019-இல் உருவான சங்கம் ஓய்வுபெற்றவர்களுக்கு மட்டுமானது. இன்று களத்தில் இருப்பவருக்கு அதில் இடமில்லை. இதன் விளைவு கொரோனா காலத்தில் வெளிப்பட்டது. 1934-இல் தொடங்கிய ரஞ்சிக் கோப்பை முதன்முறையாக 2020-21 பருவத்தில் நடக்கவில்லை. ஆட்ட ஊதியத்தை நம்பியிருக்கும் உள்நாட்டு வீரர்களுக்கு இழப்பீடு தருவதாக வாரியம் அறிவித்தது 2021 செப்டம்பரில். அதுவும் முந்தைய பருவ ஊதியத்தில் பாதி. அதை நிர்ணயித்த மேசையில் வீரர்கள் தரப்பில் அமர்ந்து பேசச் சங்கம் இல்லை. ஐபிஎல்லிலும் இதே கதைதான். 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்பனையானது. ஏலத்தில் எடுக்கப்பட்ட பின் தக்க காரணமின்றி விலகுகிறவருக்கு இரண்டு ஆண்டுத் தடை என்ற விதி 2024-இல் வந்தது. அணிகளின் சிரமம் அதில் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அமெரிக்காவில் சம்பள வரம்பும் வீரர் தேர்வு முறையும் வீரர்கள் சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் நிற்கின்றன; இங்கே சுற்றறிக்கையில் நிற்கின்றன.

'கோடிகளில் புரள்கிறவர்களுக்குச் சங்கம் எதற்கு?' என்பது அடுத்த மறுப்பு. கோடிகளில் புரள்கிறவர்களுக்கு உண்மையில் சங்கம் அவ்வளவாகத் தேவையில்லை; முகவரும் வழக்கறிஞரும் போதும். விளம்பர வெளிச்சம் படாமல் மாநில அணிக்குப் பத்து ஆண்டு ஆடிவிட்டு, வேறு தொழில் தெரியாமல் வெளியேறும் நூற்றுக்கணக்கானவர்களுக்குத்தான் அது தேவை. ஆஸ்திரேலியாவில் 2017 ஜூன் இறுதியில் ஒப்பந்தம் காலாவதியாகி ஏறத்தாழ 230 வீரர்கள் சம்பளமின்றி நின்றபோது, வருவாய்ப் பங்கை உச்ச வீரர்களோடு நிறுத்திக்கொள்ள வாரியம் விரும்பியது. முன்னணி வீரர்கள் அதை ஏற்கவில்லை. ஆகஸ்டில் ஏற்பட்ட உடன்பாட்டில் உள்ளூர் வீரர்களின் பங்கு காக்கப்பட்டது. பெண் வீரர்கள் முதன்முறையாக அதே ஒப்பந்தத்துக்குள் வந்தார்கள். நட்சத்திரங்களின் பலத்தைக் கடைநிலை வீரருக்கும் பயன்படச் செய்வதே சங்கத்தின் வேலை.

சங்கம் வந்தால் வேலைநிறுத்தம் வரும், ரசிகர்களும் மைதானத்தை நம்பிப் பிழைக்கும் சிறு வியாபாரிகளும் பாதிக்கப்படுவார்கள் என்ற கவலையை ஒதுக்கிவிட முடியாது. 1994-இல் பேஸ்பால் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடர் இறுதிப்போட்டியே ரத்தானது. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் 2004-05 பருவத்தின் 1,230 ஆட்டங்களும் நடக்கவில்லை. ஆனால் ஹாக்கியில் கதவை அடைத்தவர்கள் வீரர்கள் அல்லர், அணி உரிமையாளர்கள். சங்கம் இல்லாவிட்டால் போராட்டம் வராது என்பதும் உண்மையல்ல. முறையான பேச்சுக்கு வழியில்லாத இடத்தில் அது திடீரென்று வெடிக்கும். 2014 அக்டோபரில் மேற்கிந்தியத் தீவுகள் அணி தர்மசாலா ஆட்டத்தோடு இந்தியத் தொடரைக் கைவிட்டுப் போனது. தங்கள் சம்மதமின்றித் தங்கள் சங்கமே ஊதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டது என்பதுதான் அந்த வீரர்களின் குற்றச்சாட்டு. 2019-இல் வங்கதேச வீரர்கள் ஆட மறுத்தபோது, தங்கள் சங்கத்தின் நிர்வாகிகள் விலக வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். சங்கத் தலைவர் வாரிய இயக்குநராகவும் இருந்தார். வாரியத்தின் நிழலில் இயங்கும் சங்கம் சங்கமே ஆகாது என்ற பாடத்தை இந்த இரண்டிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

'நாட்டுக்காக ஆடுகிறவர்கள் பேரம் பேசலாமா?' என்று கேட்பவர்களும் உண்டு. ஒளிபரப்பு உரிமையை விற்கும்போது வாரியம் பேரம் பேசுகிறது. அதைத் தேசத்துரோகம் என்று யாரும் சொல்வதில்லை. சங்கம் அமைக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது கூறு எல்லாக் குடிமக்களுக்கும் தந்திருக்கிறது. சென்னை பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் 1918-இல் சங்கம் கண்ட பிறகு, வாடியா முதலிய தலைவர்கள் மீது நிர்வாகம் வழக்குப் போட்டது. தொழிற்சங்கச் சட்டம் 1926-இல் வருவதற்கு அந்த வழக்கும் ஒரு காரணம். முதலில் மறுக்கப்பட்டுப் பின்னர் இயல்பாகிப்போன உரிமை இது.

வாரியம் செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. களத்தில் உள்ள ஆண், பெண் வீரர்கள் தாங்களே வாக்களித்துத் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் சங்கத்தை ஏற்க வேண்டும். உள்நாட்டு வீரர்களின் ஆட்ட ஊதியம், காயக் காப்பீடு, ஆட்ட அட்டவணை, பெயரையும் படத்தையும் வணிகத்துக்குப் பயன்படுத்தும் உரிமை ஆகியவற்றைப் பேசி எழுத்தில் ஒப்பந்தமாக்க வேண்டும். தகராறு வந்தால் இரு தரப்பும் ஏற்கும் நடுவரிடம் போக வேண்டும். முதல் அடியை எடுத்துவைக்கும் பொறுப்பு நட்சத்திர வீரர்களுக்கு உண்டு; இழப்பதற்கு அஞ்சாமல் பேசக்கூடியவர்கள் அவர்கள்தான். ரசிகர்களும், அடுத்த முறை ஒரு வீரர் ஊதியம் பற்றி வாய் திறக்கும்போது, அவரைப் பேராசைக்காரர் என்று ஏசுவதற்கு முன் அவர் வேறு யாருக்காகவெல்லாம் சேர்த்துப் பேசுகிறார் என்று பார்க்க வேண்டும்.