பதினோராவது போட்டி

‘தகுதி, திறமை’ பேசுகிறவர்கள் கடைசியில் ஓட்டப் பந்தயத்துக்கு வந்துவிடுவார்கள். “மைதானத்துல ஏது சாதி? முந்துறவன் ஜெயிக்கிறான், அவ்வளவுதான்.” இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஜிம் தார்ப் ஞாபகம் வருகிறார்.

தார்ப் அமெரிக்கப் பூர்வகுடி. சாக் அண்ட் ஃபாக்ஸ் மக்களில் ஒருவர். படித்தது பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளியில். பூர்வகுடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, தாய்மொழியைத் தடுத்து, வெள்ளையர் அச்சில் வார்க்க 1879இல் பழைய ராணுவக் குடியிருப்பில் தொடங்கிய பள்ளி அது. அங்கிருந்து போனவர் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றார். டெகத்லான் என்றால் ஓட்டம், தாண்டுதல், எறிதல் எல்லாம் சேர்த்துப் பத்துப் போட்டி. ஒன்றில் மட்டும் கெட்டிக்காரனாக இருந்தால் செல்லாது. இரண்டாவதாக வந்த ஸ்வீடன் வீரர் வீஸ்லாண்டரைவிடக் கிட்டத்தட்ட 700 புள்ளி அதிகம். இதுக்கு மேல தகுதிய எப்படிய்யா நிரூபிக்கிறது?

1913 ஜனவரியில் ஒரு பத்திரிகை கிளப்பியது: தார்ப் 1909, 1910 கோடையில் வடக்கு கரோலினாவில் சம்பளம் வாங்கி பேஸ்பால் ஆடியவர். காசு வாங்கியவன் ‘அமெச்சூர்’ இல்லையாம். இரண்டு தங்கத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். விதியை மீறியது உண்மைதானே என்பீர்கள். உண்மைதான். தார்ப்பே ஒத்துக்கொண்டார். கல்லூரிப் பிள்ளைகள் பலர் பொய்ப் பெயரில் ஆடிக் காசு பார்த்தார்கள். இவர் சொந்தப் பெயரில் ஆடினார், மாட்டினார். ஆட்சேபணையை 30 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதும் விதிதான். ஆறு மாசம் கழிச்சு வந்ததை எந்த விதிப்படி எடுத்துக்கிட்டாங்க?

இந்த ‘அமெச்சூர்’ எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கனவான்களிடமிருந்து. 1879இல் ஹென்லி படகுப் போட்டிக்காரர்கள் எழுதிய விதிப்படி, கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞனும் தொழிலாளியும் அமெச்சூர் ஆகவே முடியாது. உடம்பால் உழைத்துப் பிழைப்பவன் தீட்டு. மனு எப்பய்யா லண்டனுக்குப் போனாரு?

அதே 1912இல் இரண்டு போட்டியிலும் தார்ப்பிடம் தோற்ற அமெரிக்கர் ஆவரி பிரண்டேஜ். 1952 முதல் 1972 வரை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர். அவர் காலத்தில் பதக்கம் திரும்பவில்லை. வீஸ்லாண்டரோ அந்தத் தங்கத்தைத் தன்னுடையதாக ஏற்கவே இல்லை. தோற்றவர்களிலும் இரண்டு வகை உண்டு தோழர்களே. நாற்காலி கிடைத்தது எந்த வகைக்கு என்று பாருங்கள்.

தார்ப் 1953இல் செத்துப்போனார். 1983இல் பிள்ளைகள் கையில் நகல் பதக்கங்களைக் கொடுத்து, ‘கூட்டு வெற்றியாளர்’ என்று பாதி நியாயம் செய்தார்கள். 2022இல்தான் அவர் ஒருவரே வெற்றியாளர் என்று எழுதினார்கள். நான் வங்கியில் எழுத்தன். ஒரு ரூபாய் உதைத்தாலும் கணக்கு நேராகாமல் வீட்டுக்குப் போக முடியாது. அவங்க பேரேட்டுல ஒரு வரியைத் திருத்த 109 வருஷம்.

பத்திலும் தேறி வருகிறவனுக்குப் பதினோராவதாக ஒரு போட்டி வைக்கிறார்கள். நம்மூரில் அதற்கு நேர்முகத் தேர்வு என்று பேர். நன்னடத்தை என்று பேர். படிக்கிற தம்பி, தங்கைகளுக்குச் சொல்கிறேன்: ஓடுங்கள், தாண்டுங்கள், ஜெயியுங்கள். ஆனால் விதிப் புத்தகத்தை எழுதுகிற மேசையிலும் நமக்கு இடம் கேளுங்கள். அந்த மேசையில் நாம் இல்லாதவரை, ஜெயித்த பதக்கமும் இரவல்தான்.