பாட்டி வீட்டு வெள்ளியை எடைக்குப் போடலாமா?

வெள்ளி விலை 2025-ல் கிலோ 1 லட்சம் ரூபாயைத் தாண்டியபின், பீரோவில் கிடந்த பழைய பாத்திரங்கள் எல்லோர் கண்ணிலும் படத் தொடங்கிவிட்டன. தீபாவளிச் சரக்கெடுக்கப் பணம் முட்டும்போது, பாட்டி காலத்துக் கும்பாவையும் பாயசக் கிண்ணத்தையும் எடைக்குப் போட நம்மவர் நினைப்பதில் தவறில்லை. ஆனால் உருக்கக் கொடுக்குமுன் ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது நமது கருத்து.

தராசு வெள்ளியைத்தான் நிறுக்கும், வேலையை நிறுக்காது. அப்பளக் கட்டை உளுந்தின் விலைக்கு நாம் விற்கிறோமா?

சென்னை மவுண்ட் ரோடு பி. ஓர் அண்ட் சன்ஸைப் பலரும் கடிகாரக் கடையாகவே அறிவர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நிறுவனம் 'சுவாமி வேலை' வெள்ளிச் சாமான்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. தேநீர் ஜாடி, பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம் என எதை எடுத்தாலும் சுற்றிலும் நம் தெய்வ உருவங்கள். தகட்டைப் பின்பக்கம் தட்டிப் புடைக்க வைத்து, அரக்கில் பதித்து, முன்பக்கம் சிற்றுளியால் வடிவெடுத்தது நம் நாட்டு ஆசாரிகளின் கை. அதில் தேநீர் குடித்தவர்கள் துரைமார்கள்! பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர் 1875-ல் இலங்கையிலிருந்து வந்து இறங்கியது நம் தூத்துக்குடியில்தான். அந்தப் பயணத்தில் அவருக்குக் கிடைத்த பரிசுப் பொருள்கள் பிறகு லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டன. சுவாமி வேலைச் சாமான்கள் இன்று ஏலத்தில் எடை விலைக்கு மேல் போகின்றன.

எல்லோர் வீட்டிலும் அத்தகைய சாமான் இராது. சில 'ஜெர்மன் சில்வராக'வும் இருக்கும். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம். ஆகவே அடிப்பாகத்தில் கம்பெனி முத்திரை உண்டா என்று பாருங்கள். சாம்பல் போட்டுத் தேய்த்து அதை அழித்துவிடாதீர்கள். ஹால்மார்க் மையத்தில் எக்ஸ்ரே கருவியால் கீறாமலே தரம் பார்க்கலாம். 'ஹால்மார்க் இல்லை' என்று சொல்லி விலையைக் குறைப்பவர் பேச்சுக்கு மயங்க வேண்டாம். பாட்டி காலத்தில் ஏது ஹால்மார்க்?

துறைமுக ஊர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதை வாங்கி விற்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். கப்பலில் போகிறவரிடம் கொடுத்துவிடலாம் என்று யாரும் யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

ஊருக்கு ஊர் வணிகர் சங்கங்கள் தரம் பார்ப்பவர் ஒருவரையும் பழம்பொருள் தெரிந்தவர் ஒருவரையும் அழைத்து, ஒரு நாள் முகாம் நடத்தலாம். தீபாவளிக் கொள்முதலுக்கு முன்பே நடத்தினால் உபயோகமாக இருக்கும்.