பாட்டைப் போடுங்க, பேச்சு எதுக்கு?

நீண்ட இழை. மருத்துவம் கொஞ்சம்தான் வரும், ரேடியோதான் அதிகம். பொறுமை இருக்கவங்க படிங்க.

போன மாசம் ஒரு நைட் டூட்டி. ரெண்டு மணிக்கு மேல கொஞ்சம் ஓய்ஞ்சது. போன்ல ஒரு பழைய அமெரிக்க ரேடியோ நிகழ்ச்சியைப் போட்டு விட்டேன். பேரு 'பியானோ ஜாஸ்'. நடத்துறவங்க மரியன் மெக்பார்ட்லண்ட். அன்னைக்கு விருந்தாளி பில் எவன்ஸ். பத்து நிமிஷத்துல டூட்டி ரூமுக்குள்ளயே நேயர் கருத்து வந்துடுச்சு.

பார்மசிஸ்ட் அண்ணன்: "என்ன சார், அந்தம்மா பேசிக்கிட்டே இருக்கு. பாட்டைப் போடச் சொல்லுங்க."

கூட வேலை பாக்குற டாக்டர்: "இது பேட்டியே இல்லடா. சும்மா பாராட்டிக்கிட்டு இருக்காங்க. ஒரு கேள்வியாவது காரமா இருக்கா?"

சிஸ்டர்: "எனக்கு ஒண்ணும் புரியல சார். ஆனா அந்தம்மா கேக்குறாங்க, அவர் வாய்ல சொல்லாம வாசிச்சே காட்டுறாரு பாருங்க, அது நல்லா இருக்கு."

மூணு பேர்ல சிஸ்டர் சொன்னதுதான் சரி. மத்த ரெண்டு கருத்தும் தப்பு. அந்த ரெண்டு கருத்துதான் நம்ம ஊர் ரேடியோ நேயர்கள் பெரும்பாலானவங்க கருத்தும். அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

முதல்ல அந்தம்மா யாருன்னு சொல்லிடறேன். 1918ல் இங்கிலாந்துல பிறந்தவர். கணவர் ஜிம்மி மெக்பார்ட்லண்ட், அமெரிக்கர், கார்னெட் வாசிக்கிறவர். அவரோட அமெரிக்கா போனப்ப லெனர்ட் ஃபெதர் என்ற விமர்சகர், இங்கிலாந்துக்காரி, வெள்ளைக்காரி, அதுக்கும் மேல பெண், இந்த மூணையும் வச்சுக்கிட்டு ஜாஸ்ல இவங்க தேறவே மாட்டாங்கங்கிற மாதிரி எழுதினார். தேறினாங்க. அறுபது வயசுல, 1978ல், தென் கரோலினாவின் பொது வானொலிக்காக இந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்ய ஆரம்பிச்சாங்க. 1979லிருந்து என்.பி.ஆர். வழியா நாடு முழுக்கப் போச்சு. தொண்ணூறு வயசு தாண்டியும் நடத்தினாங்க. 2013ல் 95 வயசுல காலமானாங்க.

அமைப்பு ரொம்ப எளிமை. ஸ்டூடியோவில் பக்கத்துல பக்கத்துல ரெண்டு பியானோ. ஒண்ணுல இவங்க, இன்னொண்ணுல விருந்தாளி. பேசுவாங்க, நடுவுல வாசிப்பாங்க. "அந்த இடத்துல என்ன பண்ணீங்க?"ன்னு கேப்பாங்க. அவர் அந்த இடத்தை மட்டும் திருப்பி வாசிப்பார். கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு.

இப்ப பார்மசிஸ்ட் அண்ணன் கேள்வி: பாட்டைப் போட்டா போதாதா?

பாட்டு எங்கேயும் போகல அண்ணே. பில் எவன்ஸ் வாசிச்ச இசைத்தட்டு எத்தனையோ இருக்கு. ஆனா ஒரு பாட்டோட எலும்புக்கூடு முதல்ல மனசுக்குள்ள அசையாம நிக்கணும், அப்புறம்தான் அதை விட்டு விலகிப் போகலாம்னு அவரே படிப்படியா வாசிச்சுக் காட்டுறது அந்தத் தட்டுல எல்லாம் கிடையாது. அது இந்தப் பேச்சுல இருக்கு. பதிவு நடந்தது 1978 நவம்பர். 1980 செப்டம்பர்ல அவர் செத்துப் போயிட்டார், வயசு 51. அந்தம்மா "பாட்டைப் போடுங்க" கட்சியா இருந்திருந்தா அந்தப் படிப்பு அவரோடயே போயிருக்கும்.

அடுத்து, "காரமா கேக்கல". இதுக்கு எங்க தொழில்லேர்ந்து ஒரு உதாரணம். 1984ல் பெக்மன், ஃப்ராங்கல் என்ற ரெண்டு பேர் ஒரு ஆய்வு போட்டாங்க. 74 ஆலோசனைகளைப் பதிவு செஞ்சு கேட்டாங்க. நோயாளி தன் கதையைச் சொல்ல ஆரம்பிச்சதும் டாக்டர் எத்தனை நேரத்துல குறுக்கே விழறார்? சராசரி 18 செகண்ட். நாலுல ஒருத்தர்கூட ஆரம்பிச்சதை முழுசா சொல்லி முடிக்கல.

நானும் அப்படித்தான். ஓ.பி.யில வரிசை வாசலைத் தாண்டி நிக்கும்போது "நெஞ்சு வலியா? எரிச்சலா? எத்தனை நாளா?"ன்னு அடுக்கிடுவேன். அவங்களும் "ஆமாங்க, ஆமாங்க"ம்பாங்க. அது அவங்க கதை இல்ல, என் தலைக்குள்ள இருக்கற கதைக்கு அவங்க போடற கையெழுத்து.

யூடியூப்ல நம்ம ஆளுங்க இசைக்காரங்களை எடுக்குற பேட்டியும் இதேதான். "சார், நீங்க அந்தப் பாட்டுக்கு வாசிச்சப்ப அழுதுட்டீங்களாமே?" பதில் கேள்விக்குள்ளயே இருக்கு. அப்புறம் ரேபிட் ஃபயர், பிடிச்ச ஹீரோ யாரு, பிடிச்ச சாப்பாடு என்ன. நாப்பது வருஷம் மிருதங்கம் வாசிச்ச மனுஷன்கிட்ட பிடிச்ச சாப்பாடு! காரமான கேள்வின்னு நாம நினைக்கறது பெரும்பாலும் கேக்கறவர் தன்னைக் காட்டிக்கற கேள்வி. விஷயம் தெரிஞ்சவர் கேக்கற கேள்வி சாதுவா இருக்கும். பதில்தான் காரமா வரும்.

ஒண்ணு ஒத்துக்கறேன். அந்தம்மா எல்லாரையும் கொஞ்சம் அதிகமாத்தான் பாராட்டுவாங்க. சில நாள் எனக்கே சலிப்பா இருக்கும். பரவாயில்ல, மன்னிச்சு விட்டுடலாம்.

சரி, அமெரிக்கக் கதை நமக்கெதுக்கு? இருக்கு.

திருச்சி வானொலி நிலையம் தொடங்கினது 1939 மே 16. சென்னைக்கு அடுத்த வருஷமே. ஏன் திருச்சி? சுத்தி இருக்கற ஊரைப் பாருங்க. ஒரு பக்கம் தஞ்சாவூர் ஜில்லா முழுக்க நாகஸ்வரமும் தவிலும். இந்தப் பக்கம் லால்குடி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை. மணப்பாறையிலேர்ந்து எந்தத் திசையில் போனாலும் நையாண்டி மேளமோ தப்போ காதுல விழும். இத்தனை கலைஞர்களைக் கைக்கெட்டற தூரத்துல வச்சிருந்த நிலையம் உலகத்துலயே ரொம்ப இருக்காது.

வாசிக்க வச்சாங்க, மறுக்கல. ஆடிஷன் வச்சாங்க. பி, பி ஹை, ஏ, டாப்னு தரம் பிரிச்சாங்க. எத்தனையோ குடும்பத்துக்கு அந்தச் செக் சோறு போட்டுச்சு. அதைக் குறை சொன்னா நன்றி கெட்டவன்னு அர்த்தம். ஆனா ஒலிபரப்பு எப்படி இருக்கும்? பேரு, பக்கவாத்தியம் யாரு, ராகம், தாளம், இயற்றியவர். வாசிப்பு. "இதுவரை நீங்கள் கேட்டது." முடிஞ்சது. ஆகாஷ்வாணியோட 'ராகம்' சேனலை இன்னைக்குப் போட்டுக் கேளுங்க, பெரும்பாலும் அதே வரிசைதான். வாசிச்சவர் குரல் எப்படி இருக்கும்னுகூட நமக்குத் தெரியாது.

ராஜரத்தினம் பிள்ளை 1956ல் போயிட்டார். அவர் தோடியைப் பத்திப் புகழ்ந்து எழுதினதை வண்டி வண்டியாப் படிச்சிருக்கேன். "அய்யா, இந்த இடத்துல ஏன் இறங்காம நின்னீங்க?"ன்னு வாத்தியத்தோட பக்கத்துல உக்காந்து ஒருத்தர் கேட்டு, அவர் அந்தப் பிடியை மட்டும் திருப்பி ஊதிக் காட்டின பதிவை நான் இதுவரை கேட்டதில்ல.

இதுக்கு நிலையத்தை மட்டும் திட்டறதுல நியாயம் இல்ல. நேயர்களான நமக்கும் பங்கு இருக்கு. நாம எதைக் கேட்டு கார்டு போட்டோம்? சினிமாப் பாட்டு கேட்டு. அதுவும் நம்ம குத்தம் மட்டும் இல்ல. 1952ல் கேஸ்கர் மந்திரியா வந்து சினிமாப் பாட்டை ஒதுக்கினார், சனம் மொத்தமும் இலங்கை வானொலிக்குத் திருப்பி வச்சுச்சு. அங்க மயில்வாகனம், அப்புறம் கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது. என்ன குரல்கள்! நம்ம பக்கம் தென்கச்சி சுவாமிநாதன். எங்க வீட்டுல அவர் 'இன்று ஒரு தகவல்' முடிஞ்சாதான் பள்ளிக்கூடம் கிளம்புவோம்.

ஆனா இவங்க எல்லாரையும் நாம ரசிச்சது குரலுக்காக, தமிழுக்காக, நகைச்சுவைக்காக. கேள்விக்காக ஒரு ரேடியோக்காரரை ரசிக்க நாம பழகவே இல்ல. அதனால ஒருத்தர் நிதானமா, அடுத்தவரைப் பேச விட்டு, தான் பின்னால நின்னா நமக்கு "டல்"லா இருக்கு.

"ஜாஸ் எல்லாம் மேல்தட்டுச் சமாச்சாரம், நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"னும் டூட்டி ரூம்ல ஒரு குரல் வந்துச்சு. ஜாஸ், அமெரிக்கக் கறுப்பின மக்கள் உண்டாக்கினது. ராத்திரி விடுதியில கூலிக்கு வாசிச்சவங்க இசை. நம்ம மேளக்காரர் கதையும் அதுலேர்ந்து ரொம்பத் தூரம் இல்ல. கத்ரி கோபால்நாத்தை 1980ல் பம்பாய் ஜாஸ் விழாவுல கேட்டுட்டு ஜான் ஹாண்டி மேடை ஏறிக் கூட வாசிச்சார். சார்லி மரியானோங்கிற அமெரிக்க சாக்ஸபோன்காரர் நம்ம நாகஸ்வரத்தைக் கத்துக்கிட்டு இசைத்தட்டுல வாசிச்சிருக்கார். லால்குடி பக்கத்துப் பூவாளூர்லேர்ந்து போன திருச்சி சங்கரன், 1971லேர்ந்து டொராண்டோவில் யார்க் பல்கலைக்கழகத்துல மிருதங்கம் சொல்லிக் கொடுத்தவர். அவங்களுக்கு நம்மகிட்ட கேக்க ஏதோ இருந்திருக்கு.

ஒரு நோயாளி. அடையாளத்தை மாத்தித்தான் எழுதறேன். எழுபது தாண்டின நாகஸ்வரக்காரர், மூச்சிரைப்போட வந்தார். நெபுலைசர் வச்சு மூச்சு அடங்கினப்புறம் சும்மா கேட்டேன்: "அய்யா, அவ்வளவு நீளமா ஊதறப்ப மூச்சு எங்க எடுப்பீங்க?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். மாஸ்க்கை இறக்கிட்டுச் சொன்னார். கன்னத்துல காத்தைத் தேக்கி வைக்கறது, தவில்காரர் கண்ணைப் பார்த்து அவர் எப்ப வாங்கிக்குவார்னு தெரிஞ்சுக்கறது. சீவாளி வெயில் காலத்துல ஒரு மாதிரி, ஐப்பசி மழையில இன்னொரு மாதிரி, உதட்டை எப்படி மாத்தணும். பல்லு விழுந்தப்புறம் ஒரு கமகத்தையே வேற வழியில கட்டிக்கிட்டது. விரலைப் பெட்ஷீட் மேல வச்சு அந்தப் பிடியைக் காட்டினார். நான் நுரையீரல் பத்திப் படிச்சதுல கால்வாசிக்கு அந்த இருபது நிமிஷம் ஈடு.

"ரேடியோல வாசிச்சிருக்கீங்களா அய்யா?"

"வாசிச்சிருக்கேன் டாக்டர். நிறையத் தடவை. பேசச் சொல்லி யாரும் கேட்டதில்ல."

நான் கேக்கறது பெரிய திட்டம் எல்லாம் இல்ல. வாரத்துக்கு ஒரு மணி நேரம். திருச்சி நிலையத்து ஸ்டூடியோ, ரெண்டு நாகஸ்வரம், இல்லன்னா ரெண்டு தவில், ரெண்டு தப்பு. கேக்கறவரும் வாசிக்கறவரா இருக்கணும், அறிவிப்பாளர் வேண்டாம். எழுதிக் கொடுத்துப் படிக்கற கேள்வி வேண்டாம். பதிவை அழிக்காம வைங்க, இணையத்துல போடுங்க. டாப் கிரேடு மட்டும்னு இல்லாம, துவரங்குறிச்சிப் பக்கம் சாவு வீட்டுக்கும் கோயிலுக்கும் அடிக்கறவரையும் கூப்பிடுங்க.

உங்ககிட்ட கேக்கறது அதைவிடச் சின்னது. ஒரு அஞ்சலட்டை. நேயர் கடிதத்தை அவங்க இன்னும் படிக்கறாங்க. "பாட்டைப் போடுங்க"ன்னு எழுதறதுக்குப் பதிலா, உங்க ஊர்ல இருக்கற வயசான ஒரு மேளக்காரர் பேரை எழுதி, "இவரைக் கேளுங்க"ன்னு போடுங்க.

அந்தப் பெரியவர் அடுத்த மாசம் ரிவ்யூவுக்கு வரணும். வரும்போது வாத்தியத்தைக் கொண்டு வரச் சொல்லியிருக்கேன். வார்டுல ஊத விட முடியாது. சீவாளியை மட்டுமாவது காட்டச் சொல்லி, அவர் சம்மதிச்சா போன்லயே பதிஞ்சு வச்சுக்கறேன்.