பொறி மட்டும் போதுமா?

திருவனந்தபுரம் விக்கிரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011-ஆம் ஆண்டு ‘சாகா-220’ என்னும் மீக்கணிப்பொறி நிறுவப்பெற்றது. அதன் உச்ச வேகம் விநாடிக்கு 220 லட்சம் கோடி கணக்குகள். செலவு ஏறத்தாழ 14 கோடி ரூபாய்.

ஆயினும், பொறி தானே சிந்திப்பதன்று. பெருங்கணக்கு ஒன்றைப் பல நூறு கூறுகளாகப் பகுத்து, ஒரே காலத்தில் செய்வதே அதன் முறை. பகுப்பு செவ்வனே அமையாவிடின், ஒரு கூறு முடியும்வரை மற்றவை வாளா காத்திருக்கும், மின்சாரமோ வீணாகும். இதனை உணர்ந்து ஆய்வாளருக்கு வழிகாட்டுவோர் மையப் பணியாளரே. பொறியின் வெப்பத்தைத் தணிப்பதும், வேலைகளை வரிசைப்படுத்துவதும் அவர்தம் பொறுப்பே.

ஆதலின், இத்தகைய மையங்களை நிறுவும் பல்கலைக்கழகங்கள், பொறிக்குப் பணம் ஒதுக்கும்போதே பணியாளருக்கு நிரந்தரப் பதவிகளையும் ஏற்படுத்துதல் வேண்டும். பொறி சில ஆண்டுகளில் பழமையடையும். பயின்றவர் திறனோ ஆண்டுதோறும் வளரும்.