குடுவைக்குள் ஒரு கடிகாரம்

தேயிலைப் பெட்டி, பழச்சாற்றுப் புட்டி, சத்து மாத்திரை டப்பா ஆகியவற்றின் மேல் ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் நிறைந்தது’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலவற்றில் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று யோசித்ததுண்டா? பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு வெண்ணிறத் தூள் இருக்கிறது. தூளின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அதைக் கொண்டு பெற்ற எண்ணை வியாபாரத்துக்குப் பயன்படுத்திய விதத்தில்தான் எனக்குக் கோபம்.

தூளின் பெயர் வாயில் நுழையாதது: அஸோபிஸ் அமிடினோபுரோப்பேன் டைஹைட்ரோகுளோரைடு. ஆய்வுக்கூடத்தில் ஏ.ஏ.பி.எச். என்பார்கள். இதன் மூலக்கூறின் நடுவே இரண்டு நைட்ரஜன் அணுக்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. இரு பக்கமும் ஒரேமாதிரியான இரண்டு கார்பன் தொகுதிகள். தண்ணீரில் கரைத்து இலேசாகச் சூடாக்கினால் நைட்ரஜன் ஜோடி கழன்று வாயுவாக வெளியேறிவிடும். எஞ்சிய துண்டு ஒவ்வொன்றிலும் துணையில்லாத ஓர் எலெக்ட்ரான் தங்கிவிடும். இப்படிப்பட்ட துண்டையே ‘தனி உறுப்பு’ என்கிறோம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் காம்பர்க் 1900-ஆம் ஆண்டில் முதல் கரிமத் தனி உறுப்பைக் கண்டு அறிவித்தபோது, நம்ப மறுத்தவர்கள் பலர்.

துணையில்லாத எலெக்ட்ரான் சும்மா இராது. அக்ரிலமைடு போன்ற சிறு மூலக்கூறு அருகில் இருந்தால் அதோடு ஒட்டிக்கொள்ளும். அது அடுத்ததோடு, அது அதற்கடுத்ததோடு என்று நீண்ட சங்கிலி வளரும். அதுதான் பலபடி. சங்கிலியைத் தொடங்கி வைப்பதால் ஏ.ஏ.பி.எச்.-க்குத் ‘துவக்கி’ என்று பெயர். இதே இனத்தைச் சேர்ந்த பிரபலமான துவக்கி தண்ணீரில் கரையாது. இதுவோ இரு முனைகளிலும் நேர்மின்னூட்டம் தாங்கியிருப்பதால் எளிதில் கரைகிறது. இதைக் கொண்டு தயாரித்த பலபடித் துகள்களுக்கும் அந்த மின்னூட்டம் வந்துவிடுவதால், அவை ஒன்றையொன்று விலக்கிக் கொண்டு, கட்டிதட்டாமல் மிதக்கின்றன.

நான் பௌதிகம் கற்பிப்பவன். எனக்குப் பிடித்தது இதன் ஒழுங்கு. கதிரியக்கத்துக்குப் படித்த அதே அரை ஆயுள் விதிதான் இதற்கும். நடுநிலைக் கரைசலில், நம் உடல் வெப்பநிலையான 37 டிகிரி செல்சியஸில், அரை ஆயுள் சுமார் 175 மணி. ஏழு நாளுக்குச் சற்று அதிகம். 56 டிகிரியிலோ சுமார் 10 மணிதான். (கதிரியக்கத்தை இப்படிச் சூடாக்கி விரைவுபடுத்த முடியாது என்பதைக் கவனியுங்கள்.) 37 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சிதையும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆயிரத்தில் நான்கு பங்கு. அதாவது, சோதனை நடக்கும் நேரம் முழுவதும் தனி உறுப்புகள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சொட்டிக் கொண்டிருக்கும். இதைவிட நல்ல கடிகாரம் வேண்டுமா?

உணவு ஆய்வாளர்கள் இந்தக் கடிகாரத்தை நன்கு பயன்படுத்தினர். கரைசலில் புளோரசின் என்னும் ஒளிரும் சாயத்தைச் சிறிதளவு சேர்ப்பர். தனி உறுப்புகள் கரைந்துள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சில் உறுப்புகளாகிச் சாயத்தைத் தாக்க, ஒளி மங்கும். கொஞ்சம் தேநீர் விட்டால், அதிலுள்ள தடுப்பான்கள் முதலில் தம்மையே பலி கொடுத்துச் சாயத்தைக் காக்கும்; ஒளி மங்கத் தாமதமாகும். ட்ரோலாக்ஸ் என்னும் பொருள் தரும் பாதுகாப்போடு இதை ஒப்பிட்டு ஓர் எண் தருவர். ‘ஓராக்’ என்பது இந்த அளவை முறையின் பெயர்.

குடுவையைப் பொறுத்தவரை இந்த எண்ணில் குறையில்லை. ஆனால் நம் உடல் குடுவை அன்று. தேநீரின் தடுப்பான்களில் சிறு பகுதியே இரத்தத்தை அடைகிறது. அதுவும் குடலிலும் கல்லீரலிலும் உருமாறி. தவிர, தனி உறுப்புகள் எல்லாம் பகைவர்களும் அல்ல. வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்ல அவற்றை வேண்டுமென்றே உண்டாக்குகின்றன. இரத்தக் குழாய்களைத் தளரச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடும் ஒரு தனி உறுப்பே. அதன் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அமெரிக்க வேளாண்மைத் துறை நூற்றுக்கணக்கான உணவுகளின் ஓராக் எண்களைப் பட்டியலிட்டிருந்தது. நூறு கிராமுக்கு இவ்வளவு என்ற கணக்கில் கிராம்பு, பட்டை போன்றவை அதன் உச்சியில் நின்றன. நூறு கிராம் கிராம்பை யார் தின்பார்! வியாபாரிகள் எண்ணைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், உடலில் ஏற்படும் பயனுக்கும் இதற்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று கூறி, 2012-இல் அத்துறையே பட்டியலை விலக்கிக் கொண்டது. அது சரியான செயல் என்பேன்; இன்னும் முன்பே செய்திருக்கலாம்.

இது வெறும் காசு விரயம் என்று விட்டுவிட முடியாது. ஓராக் எண்கள் பரவுவதற்கு முன்பே பின்லாந்தில், புகைபிடிக்கும் 29,133 ஆண்களைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. காய்கறி அதிகம் உண்போருக்குப் புற்றுநோய் குறைவு என்பதால், பீட்டா கரோட்டின் என்னும் தடுப்பானை மாத்திரையாகக் கொடுத்தால் நன்மை வரும் என்று நம்பினர். 1994-இல் முடிவு வெளியானது: மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகம். அமெரிக்காவில் நடந்த இதுபோன்ற சோதனையிலும் தீமையே தென்பட, 1996-இல் அதைப் பாதியில் நிறுத்தினர்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, “அப்படியானால் பழம் சாப்பிட வேண்டாமா, சார்?” என்று கேட்டாள். தாராளமாகச் சாப்பிடலாம் என்றேன். பழத்தில் நார்ச்சத்து இருக்கிறது, பொட்டாசியம் இருக்கிறது, இன்னும் எத்தனையோ இருக்கின்றன. பின்லாந்துக்காரர்கள் விழுங்கியது பழமன்று, மாத்திரை.