பொன்னாடை விஞ்ஞானம்

சென்ற மாதம் கல்முனையிலுள்ள என் வீட்டுக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. 'சர்வதேச விஞ்ஞான ஆய்வு மாநாடு' என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஈர்ப்பலை, கருந்துளை, சார்புக் கொள்கை ஆகியவற்றை ஐன்ஸ்டைனுக்கு முன்னரே நமது திருமறை கூறிவிட்டது என்பதை நிறுவுவது மாநாட்டின் நோக்கமாம். பேச்சாளர் பன்னிருவரில் பௌதிகவியல் படித்தவர் ஒருவருமில்லை. 'சர்வதேச' என்ற சொல்லுக்கு ஆதாரம், கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த ஒரு சகோதரர். மூன்று மணி நேர நிகழ்ச்சியில் பொன்னாடை போர்த்துவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. கேள்வி கேட்பதற்கு நேரமே இல்லை. பொன்னாடை பெறுவோர் பட்டியலில் என் பெயரும் இருந்தது. நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று தொலைபேசியில் கோபித்துக்கொண்ட நண்பர்களுக்கு இதுவே என் பதில்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். 2016 பெப்ரவரி 11ஆம் திகதி, இலங்கை நேரம் இரவு ஒன்பது மணிக்கு, ஈர்ப்பலைகள் முதன்முறையாகப் பதிவாகிய செய்தியை அமெரிக்காவின் லைகோ ஆய்வுக் குழு அறிவித்தது. நான் இரவு மேசையில் இருந்தேன். சுமார் 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரு கருந்துளைகள் ஒன்றோடொன்று மோதி இணைந்தன. அந்த அதிர்வு, நான்கு கிலோமீற்றர் நீளமுள்ள கருவியின் கரத்தை, ஒரு புரோத்தனின் விட்டத்தில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கே அசைத்தது. அதையும் மனிதன் அளந்துவிட்டான். செய்தியை அவசரமாக மொழிபெயர்த்தேன். பக்கத்தில் இடம் மிஞ்சியது. '1400 ஆண்டுகளுக்கு முன்பே...' என்று தலைப்பிட்டு, கட்டம் கட்டி, ஒரு துணுக்கை நானே எழுதி இட்டு நிரப்பினேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது பலர் கைகுலுக்கிப் பாராட்டினார்கள். அத்தனை பேரும் கட்டத்தைப் பற்றியே பேசினார்கள். எப்படி அளந்தார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தக் கைகுலுக்கல்கள் இன்றுவரை எனக்கு உறுத்துகின்றன.

ஈர்ப்பும் சார்பியலும் பற்றிய உண்மையான சர்வதேச மாநாடுகள் எவ்வாறு நடக்கின்றன? ஐன்ஸ்டைன் மறைந்த 1955ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் அந்த வரிசை தொடங்கியது. ஈர்ப்பலைகள் இல்லை என்று 1936இல் ஐன்ஸ்டைனே ஒரு கட்டுரை எழுதி அனுப்பினார். அதில் பிழையிருப்பதாக ஒரு மதிப்பீட்டாளர் குறிப்பெழுத, உலகப் புகழ்பெற்ற அம்மனிதர் சினந்து கட்டுரையைத் திரும்பப் பெற்றார்; பின்னர் தம் முடிவை மாற்றிக்கொண்டார். அந்த அலைகள் சக்தியைச் சுமக்குமா என்பதுகூட 1957இல் அமெரிக்காவின் சப்பல் ஹில்லில் கூடியவர்களிடையே வாதத்துக்குரியதாகவே இருந்தது. 2004 ஜூலையில் டப்ளினில் கூடிய மாநாட்டில் ஸ்டீபன் ஹோக்கிங் மேடையேறி, கருந்துளைக்குள் விழும் தகவல் அழிந்துவிடும் என்று தாம் சுமார் முப்பது வருடங்களாகச் சொல்லிவந்தது தவறு என்றார். அதையொட்டி 1997இல் பிறஸ்கில் என்ற பௌதிகவியலாளரோடு கட்டிய பந்தயத்தில் தோற்றதாக ஏற்று, பேஸ்போல் கலைக்களஞ்சியம் ஒன்றையும் கொடுத்தார். நமது மேடைகளில் எவரேனும் எப்போதேனும் 'நான் சொன்னது தவறு' என்று சொல்லக் கேட்டிருக்கிறீர்களா?

அது வெள்ளைக்காரன் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. அதே வரிசையின் பதினைந்தாவது மாநாடு 1997 டிசம்பரில் நமக்கு அண்மையில், புனே நகரில் நடந்தது. அதை நடத்திய ஆய்வு மையத்தின் இயக்குநர் ஜயந்த் நார்லிகர், பெருவெடிப்புக் கொள்கையை ஏற்காதவர். தம்மோடு உடன்படாதோரை வரவேற்று அமர்த்தி அவர்களோடு வாதிட்டவர்.

அதே இந்தியாவில் 2019 ஜனவரியில் ஜலந்தரில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரஸில் என்ன நடந்தது? கௌரவர்கள் சோதனைக்குழாய்க் குழந்தைகள் என்றார் ஒரு துணைவேந்தர். நியூட்டனும் ஐன்ஸ்டைனும் தவறானவர்கள், ஈர்ப்பலைகளுக்கு இனிப் பிரதமரின் பெயரைச் சூட்ட வேண்டும் என்றார் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒருவர். நம்மவர்கள் அதை ஒருவருக்கொருவர் அனுப்பிச் சிரித்து மகிழ்ந்தார்கள். சிரிக்க நமக்கு என்ன யோக்கியதை? ஸியாவுல் ஹக் காலத்துப் பாகிஸ்தானில், ஆயிரம் மாதங்களினும் சிறந்த லைலதுல் கத்ர் இரவை ஐன்ஸ்டைனின் சூத்திரத்தில் போட்டு, சுவர்க்கம் ஒளியின் வேகத்தைவிட வினாடிக்கு ஒரு சென்றிமீற்றர் குறைந்த வேகத்தில் பூமியை விட்டு விலகுகிறது என்று ஒருவர் கணக்குக் காட்டியதைப் பர்வேஸ் ஹூத்போய் தமது நூலில் பதிந்திருக்கிறார். கௌரவர்களுக்கு இது எந்த வகையில் குறைந்தது?

இந்த விடயத்தில் நாம் இழந்தது ஒரு மனிதரை. 1975இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில், சார்பியலுக்கான மார்செல் குரோஸ்மன் மாநாடுகளில் முதலாவது நடந்தது. அதைத் தொடக்கிய இருவரில் ஒருவர் அப்துஸ் ஸலாம். கூட்டம் நடந்த நிறுவனத்தை 1964இல் உருவாக்கியவரும் அவரே. ஏழை நாட்டு விஞ்ஞானி உலகத் தொடர்பற்றுத் தனித்து வாடக்கூடாது என்பதே அதன் நோக்கம். 1974இல் பாகிஸ்தான் அவரது அஹ்மதி பிரிவை முஸ்லிம்கள் அல்லர் என்று சட்டமாக்கியது. 1979இல் நோபல் பரிசு பெற்ற விருந்தில் அவர் திருமறை வசனங்களை ஓதினார். 1996இல் இறந்தபின் அவரது கல்லறைக் கல்லில் 'முதல் முஸ்லிம் நோபல் விஞ்ஞானி' என்று எழுதப்பட்டிருந்ததில் 'முஸ்லிம்' என்ற சொல்லைப் பூசி அழித்தார்கள். அவரது அகீதாவைப் பற்றி உலமாக்கள் பேசட்டும். அது என் துறையன்று. ஆனால் அழைப்பிதழ் அனுப்பிய அன்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஈர்ப்புக்கும் இஸ்லாத்துக்கும் தொடர்பு தேடும் உங்கள் மாநாட்டில் அந்தப் பெயர் ஏன் ஒருமுறைகூட இல்லை?

அவர் ஓதியவை அல்முல்க் அத்தியாயத்தின் 3ஆம், 4ஆம் வசனங்கள். படைப்பை மீண்டும் மீண்டும் பார் என்று ஏவும் வசனங்கள் அவை. பார்த்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். அல்காஸினி 1121இல் 'ஞானத் தராசு' என்ற நூலை எழுதினார். பாரத்தையும் அடர்த்தியையும் தராசு செய்து நிறுத்துப் பார்த்து எழுதினார். முன்பே சொல்லப்பட்டுவிட்டது என்று அவர் சும்மா இருந்திருந்தால் அந்தத் தராசு ஏது?

இனி நமது கடலுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் போயின. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மையித்துகளை அடக்கி முடிப்பதற்குள், களுத்துறைக் கரையில் எடுத்த செய்மதிப் படமொன்றில் அலைநுரை இறைவனின் பெயராக எழுதியிருக்கிறது என்று பிரதிகள் கைக்குக் கை போயின. எங்கள் காரியாலயத்துக்கும் வந்தது. அதே வேளையில் கிரேஸ் என்ற இரட்டைச் செய்மதிகள், தமக்கிடையேயான சுமார் 220 கிலோமீற்றர் தூரத்தில் நேரும் நுண்ணிய மாற்றத்தை அளந்தவாறு நம் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தன. சுமாத்திரா நிலநடுக்கம் பூமியின் ஈர்ப்பையே அவ்விடத்தில் மாற்றிவிட்டதை அந்த அளவீடுகளிலிருந்து ஆய்வாளர்கள் 2006இல் எடுத்துக்காட்டினர். நம் பிள்ளைகளைக் கொன்ற நடுக்கத்தின் கணக்கு அது. அதை நாம் கேட்கவுமில்லை, நான் எழுதவுமில்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன். உலகிலேயே ஈர்ப்புப் பள்ளம் மிகப் பெரிதாக உள்ள இடம் நம் நாட்டுக்குத் தெற்கேயுள்ள கடல். அங்கே நீர்மட்டம் பூமியின் சீரான வடிவத்துக்குரிய மட்டத்தைவிட நூறு மீற்றருக்கும் அதிகமாகத் தாழ்ந்திருக்கிறது. 1948இல் ஓர் ஒல்லாந்தர் கண்டது; காரணத்தை இன்னும் ஆராய்கிறார்கள், 2023இல் பெங்களூர் ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் தந்தனர். சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. கல்முனையிலிருந்து அரை மணி நேரப் பயணம். அழைப்பிதழ் அச்சிட்டவர்கள் அந்த வாசலை மிதித்து, இந்தப் பள்ளத்தைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு விளக்க ஒருவரை அனுப்புங்கள் என்று கேட்டிருக்கலாம். பொன்னாடைச் செலவில் பாதி போதும்.

என்னை நாத்திகன் என்று எழுதப்போகிறவர்களுக்குச் சிரமம் வேண்டாம். ஐவேளைத் தொழுகை எனக்குண்டு. ஆட்சேபம் உள்ளவர்கள், இதுவரை எந்த விஞ்ஞானியும் கண்டறியாத ஒன்றை, அத்தியாயமும் வசன எண்ணும் குறித்து, எந்தக் கருவியால் எவ்வளவு அளந்தால் அது தெரியவரும் என்ற விபரத்தோடு எழுதி அனுப்புங்கள். திகதியிட்டு அப்படியே வெளியிடுகிறேன். கட்டம் கட்டியே வெளியிடுகிறேன்.